தண்ணீர் போகிற வழி

ஐப்பசி மழை ராத்திரி முழுக்கக் கொட்டிவிட்டு விடியற்காலையில் ஓய்ந்ததும் எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்கும். மழைச் சத்தம் இல்லை, மழை வடிகிற சத்தம். மேட்டு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, வரப்பில் வெட்டிவிட்ட வாமடை வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அகலமான மடை கனத்த குரலில் பேசும். குறுகலான மடை சளசளக்கும். சருகு அடைத்துக்கொண்ட மடை விட்டுவிட்டு விக்கும். பாயைவிட்டு எழாமலே அப்பா சொல்லுவார்: "நாவமரத்து மட அடச்சிக்கிச்சு, போயி எடுத்துவுட்டுட்டு வாடா." போய்ப் பார்த்தால் அந்த மடைதான் அடைத்திருக்கும். நூறு மடைகளின் இரைச்சலுக்குள் ஒரு மடை மௌனமானதைப் படுத்தபடியே கேட்ட காது அது.

அந்தச் சத்தத்தைத்தான் எங்கும் காணோம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். உங்கள் ஊரை அணையோ நான்குவழிச் சாலையோ தொழிற்பேட்டையோ எடுத்துக்கொண்டிருக்கலாம். ஊர் அப்படியே இருக்க, நீங்கள் மட்டும் கிளம்பி வந்திருக்கலாம். ஏதோ ஒரு சத்தம், யாரோ ஒருவர் கூப்பிட்ட குரல், காலையில் எழுந்ததும் கை தானாகச் செய்த ஒரு வேலை, இவற்றில் ஒன்று நடு இரவில் வந்து உங்களையும் உட்கார வைத்திருக்கும். விளக்கைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்திருப்பீர்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது நான் இருப்பது ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், கோட்புஸ் என்னும் நகரத்தில். பிழைப்பு கொண்டுவந்து சேர்த்த இடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயைத் திருப்பினால் எந்நேரமும் தண்ணீர். டிராம் சொன்ன நிமிஷத்துக்கு வந்து நிற்கிறது. மழை பெய்தால் கூரையிலிருந்து குழாய்க்குள் இறங்கி, குழாயிலிருந்து தரைக்கடியில் போய், எங்கே போயிற்று என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் மறைந்துவிடுகிறது. தெருவில் ஒரு சொட்டு நிற்பதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் மழை பெய்த காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். காற்றில் ஈரம் வருகிறது. வேறொன்றும் வருவதில்லை.

விதியின் வேடிக்கை என்னவென்றால், இதுவும் பழுப்பு நிலக்கரி தேசம். லவுசிட்ஸ் என்று பெயர். எங்கள் ஊர் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போன அதே காரணத்துக்காக இங்கே 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் போயிருக்கின்றன. நெய்வேலியில் மண்ணைச் சுரண்டும் வாளிச்சக்கர எந்திரங்களுக்கும் பிறந்த நாடு ஜெர்மனிதான். ஒரு வித்தியாசம் உண்டு. நெய்வேலியில் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பல குழிகளில் தோண்டி முடித்தாயிற்று. தோண்டி முடித்த பிறகு நிலத்துக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்பதை, என் ஊரைப் பறிகொடுத்த நான், வேறொருவர் ஊரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் சுரங்க நிறுவனம் அமைந்தது, 1957-ல் நேரு வந்து தொடங்கிவைத்தார், 1961-ல் கரி கண்ணில் பட்டது. தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெருமையாகத்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன் என்பதையும் மறுக்க மாட்டேன்.

எங்கள் ஊர் கம்மாபுரத்துக்குக் கிழக்கே இருந்தது. பெரிய ஊர் இல்லை. ஒரு ஏரி, அதற்கு ஒரு கலிங்கு, இரண்டு மதகு. மேட்டில் முந்திரியும் மல்லாட்டையும். பள்ளத்தில் நெல். ஏரி நிரம்பினால் கலிங்கு வழிந்து ஓடையில் விழும். ஓடை பரவனாற்றைத் தேடிப் போகும். பரவனாறு வாலாஜா ஏரிக்கு, அங்கிருந்து பெருமாள் ஏரிக்கு, கடைசியில் கடலூர் உப்பனாற்றில் கலந்து கடலுக்கு. எங்கள் வயலில் விழுந்த மழை எந்தெந்த ஊரைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா கட்டிக்கொண்டு போன ஊர், சித்தி ஊர், குறிஞ்சிப்பாடிச் சந்தை என்று உறவும் சோலியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன.

அந்தத் தண்ணீரை ஆண்டவர் ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பதும் அடைப்பதும், இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்று முறை வைத்து விடுவதும் அவர் வேலை. அரைக்கால் வேட்டி, தோளில் மண்வெட்டி, ராத்திரியானால் கையில் அரிக்கேன் விளக்கு. கடைமடைக்கு முறை வருகிற இரவில் மேலமடையை அடைத்துவிட்டு வரப்பில் நடந்துகொண்டே குரல் கொடுப்பார். "கீழமடக்காரங்களே... தண்ணி வருதுங்கோ... வரப்பப் பாத்துக்குங்கோ..." கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே போவார், இருட்டில் அவருடைய விளக்கு சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியான பிறகும் அந்த இழுப்பு மட்டும் வயல்மேல் தங்கி நிற்கும், நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவோம். அறுப்பு முடிந்து களத்தில் நெல் குவிந்ததும் அவருக்கு மரக்காலால் அளந்து போடுவார்கள். அதுதான் கூலி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏக்கம் என்று எழுத உட்கார்ந்தால் எல்லாம் தேனாகத்தான் வரும். எங்கள் ஊர் தேன் இல்லை. அந்தப் பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். பொடிப்பயல்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் அது. ஊர் முழுக்கத் தண்ணீர் விட்டவர் ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுத்ததில்லை. எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. அவர் குரலுக்கு ஏங்குகிறேன். அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு யாரும் ஏங்க முடியாது.

ஆடிக்கு முன்னால் வாய்க்கால் வெட்டு இருக்கும். வீட்டுக்கு ஓர் ஆள். வராத வீட்டுக்கு அபராதம். விடியக் கருக்கலில் தம்பட்டம் கேட்டதும் மண்வெட்டியும் கூடையுமாகக் கிளம்புவார்கள். வரத்துக்கால் முழுக்க முள்ளும் கோரையும் வெட்டி, தூர் எடுத்து, கரையில் போட்டு மிதிப்பார்கள். எங்களுக்கு வேலை ஏதும் கிடையாது, ஆனாலும் போவோம். நீர்க்கட்டிப் பெரியவர் வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, எந்தக் கருவியும் இல்லாமல், காலால் சேற்றை அழுத்திப் பார்த்துச் சொல்லுவார்: இங்கே ஒரு சாண் கூடுதலாக வெட்டு, இல்லையென்றால் தண்ணி பின்னால் திரும்பும். மட்டப்பலகை வைத்துப் பார்க்கிற ஓவர்சியர் ஒருமுறை வந்து அளந்துவிட்டு, அவர் சொன்னது சரிதான் என்று சொல்லிப் போனதை ஊரில் வெகுநாள் பேசினார்கள்.

பிறகு மழை. மழை விட்டதும் வடிகால் மீன். மூங்கில் சிம்பில் பின்னிய பறி என்று ஒன்று உண்டு. வாய் அகலமாக இருக்கும். உள்ளே போகப்போகச் சிம்புகள் குவிந்து, மீன் நுழையலாம், திரும்ப முடியாது. அதை வாமடையில் தண்ணீர் இறங்குகிற வாட்டத்துக்கு நேராகப் பதித்து, இரண்டு பக்கமும் சேறு அணைத்து, மேலே ஒரு கொத்து நொச்சித் தழையைப் போட்டு மூடிவிட்டு வருவோம். காலையில் தூக்கினால் உள்ளே கெண்டையும் கெளுத்தியும் துடிக்கும். கெளுத்தி முள் குத்தினால் கடுகடு என்று கடுக்கும், ஆயா சுண்ணாம்பு தடவிவிடுவார். பறியை எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். தண்ணீர் எங்கே வேகமாக இறங்கும், எங்கே சுழிக்கும், எந்த மடை விடியும்வரை ஓடும் என்று தெரிந்தவனுக்குத்தான் மீன். எங்களுக்குத் தெரியும். அந்த நிலத்தின் சரிவு எங்கள் உள்ளங்காலில் இருந்தது.

போனது அந்தச் சரிவு மட்டுமில்லை, ஊற்றும் போயிற்று. கரிப் படிவத்துக்கு அடியில் மணலுக்குள் அடைபட்ட நீர் இருக்கிறது, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு. அதைக் குறைக்காமல் கரியை எடுத்தால் சுரங்கத்தின் அடித்தரையே பிளந்துகொண்டு கிளம்பிவிடும். அதனால் 1961-லிருந்து இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். துளைபோட்டால் தானாகப் பொங்கி வழியும் கிணறுகள் இருந்த வட்டாரம் எங்களுடையது. மோட்டார் இல்லாத அந்தக் குழாய் வாயில் கையை வைத்து அடைத்தால் உள்ளங்கையைத் தள்ளும். நிலம் நம்மைத் தள்ளுகிற அந்தத் தள்ளல் ஞாபகமிருக்கிறது. பிறகு பொங்கியது நின்றது. பிறகு மோட்டார் வந்தது. பிறகு மோட்டாரைக் கீழே கீழே இறக்கினார்கள்.

அப்புறம் ஒருநாள் எங்கள் முறையும் வந்தது. நோட்டீஸ், அளவை, பட்டியல், பணம், மனை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டோம். கணக்குப் பார்க்க இங்கே உட்காரவில்லை. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. நிலத்துக்கு விலை உண்டு, மரத்துக்கு விலை உண்டு, கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் விலை உண்டு. பட்டாவில் பெயர் இருந்தவர்களுக்கு வரிசை எண் இருந்தது. ஊரின் தண்ணீரை முழுக்கத் தலையில் வைத்திருந்த பெரியவருக்குப் பட்டா இல்லை. எந்தப் பட்டியலிலும் அவருக்கு இடமில்லை. மகள் வீட்டோடு திட்டக்குடிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவரோடு எங்கள் ஊர் வடிகாலின் ஒரே வரைபடமும் போயிற்று.

தோண்டி முடித்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். மேலிருந்து எடுத்த மண்ணை, கரி எடுத்து முடித்த பள்ளத்திலேயே திரும்பக் கொட்டிக்கொண்டே போகிறார்கள். நெய்வேலிப் பக்கம் அப்படி நிரப்பிய மேடுகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள், பூங்கா போட்டுப் படகு விட்டிருக்கிறார்கள், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு நெல்லும் பயிர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுரங்கத்தை எப்படி மூட வேண்டும் என்று நிலக்கரி அமைச்சகம் 2009-லேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. மூடுவதற்கான பணத்தை முன்கூட்டியே தனிக்கணக்கில் கட்டிவைக்கச் சொல்கிறது. நல்ல விதி. ஊருக்குப் போயிருந்தபோது அப்படிப்பட்ட மேடு ஒன்றின்மேல் ஏறிப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

ஆனால் அது தண்ணீர் தெரியாத பச்சை.

ஏனென்று கேட்டால் சொல்கிறேன். எங்கள் மண்ணில் மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே மணலும் மணற்பாறையுமாகப் பத்துப் பனை ஆழத்துக்கு அடுக்கடுக்காக இருந்தது. மேல்மண் குடித்தது, களி தாங்கியது, மணல் வாங்கி வைத்துக்கொண்டது. அந்த அடுக்குக் கலைந்தால் கலைந்ததுதான். மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்துக் கடைசியில் மேலே பரப்பினால் பயிராவது வரும். பரப்பாவிட்டால் ஆழத்து மண் மேலே வந்து, மக்கு என்பதே இல்லாமல் வெயிலில் இறுகிக் கிடக்கும். கொட்டிய மண் உடனே அடங்காது. பல வருஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு முழம், அங்கே ஒரு சாண் என்று ஒழுங்கில்லாமல் இறங்கும். இன்று சரிவு பார்த்து வெட்டிய வாய்க்கால் நாளைக்கு எதிர்ப்பக்கம் சரிந்து நிற்கும். கனரக வண்டி ஓடிய இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்காது, குட்டையாகத் தேங்கும். சரிவில் விழுந்த மழை மண்ணை அறுத்து ஓடை போட்டுக்கொண்டு, கரைத்த அத்தனையையும் கீழே இருக்கிற ஏரியில் கொண்டுபோய்க் கொட்டும். வாலாஜா ஏரி தூர்ந்து மேடாகி ஏரி என்ற பேரோடு மட்டும் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். பிறகு தூர்வாரித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு இங்கே நான் பாயசம் வைத்தேன்.

ஆக, மண்ணைத் திருப்பிக் கொடுக்க முடிகிறது. மரத்தையும் கொடுக்க முடிகிறது. சரிவைத்தான் கொடுக்க முடிவதில்லை. எங்கள் வயல்களின் சரிவு யாரும் போட்ட பிளான் இல்லை. பல தலைமுறை மண்வெட்டி, வருஷத்துக்கு வருஷம் மழை காட்டிக்கொடுத்த தவறைத் திருத்தித் திருத்தி, இங்கே ஒரு கை மண் எடுத்து அங்கே ஒரு கை மண் போட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிச் செய்த சரிவு.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் நெல் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதைக் கைப்பேசியில் பார்த்தேன். பரவனாற்றை மாற்றிவிடப் புதிய கால்வாய் வெட்டினார்கள். நிலம் எப்போதோ எடுத்துக்கொண்டது, பணம் கொடுத்தாயிற்று என்றது ஒரு தரப்பு. பயிர் நிற்கிறதே என்றது இன்னொரு தரப்பு. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவரே அந்தக் காட்சியைப் பற்றி வேதனைப்பட்டுப் பேசினார். எனக்குப் பயிர் போனது ஒரு வலி என்றால், அந்தக் கால்வாய் இன்னொரு வலி. அது நேராகப் போகிறது. பரவனாறு நேராகப் போன ஆறு இல்லை. அய்யனார் கோயிலண்டை ஒரு வளைவு, மருதமரத்துக்கிட்ட ஒரு வளைவு என்று நின்று நின்று போன ஆறு. வளைவில்தான் மாடு குளிக்கும், வளைவில்தான் மடு இருக்கும், கோடையில் எல்லாம் வற்றினாலும் மடுவில் கொஞ்சம் மிஞ்சும். நேர்க் கால்வாயில் எதுவும் மிஞ்சாது.

இங்கே லவுசிட்ஸில் முடிந்துபோன சுரங்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏரியாக இருக்கிறது. எடுத்த கரிக்கு ஈடாக மண் போதாது, கடைசிப் பள்ளம் பள்ளமாகவே நிற்கும், அதில் தண்ணீரை விட்டு ஏரி ஆக்கிவிடுகிறார்கள். சென்ஃப்டன்பெர்க் ஏரி 1973-லேயே குளிக்கத் திறந்தாயிற்று. கோட்புஸ் பக்கத்தில் சுமார் 19 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிழக்கு ஏரி. 2015 கடைசியில் கரி எடுப்பது நின்றது, 2019 ஏப்ரலில் ஷ்ப்ரே ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். மெர்ட்ஸ்டோர்ஃபில் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. அதில் ஏறி நின்றால் கண் எட்டுகிற தூரம் நீலம். தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே படகுத்துறைச் சுவரைக் கட்டி வைத்தார்கள். சைக்கிள் பாதை அழகாகப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் விற்கிறது.

அந்த நீலத்துக்கு அடியில் இருக்கிற கணக்கு வேறு. வறண்ட கோடைகளில் ஷ்ப்ரேயில் தண்ணீர் இல்லாமல் ஏரி நிரப்புவதையே நிறுத்த வேண்டியிருந்தது. பல பத்தாண்டு இறைத்து இறைத்துக் காயவைத்த நிலத்தில் காற்றுப் பட்ட கந்தகக் கல், நிலத்தடி நீர் திரும்ப ஏறும்போது கரைந்து, இரும்பும் சல்ஃபேட்டுமாக ஆற்றில் இறங்குகிறது. ஸ்ப்ரெம்பெர்க் பக்கம் ஷ்ப்ரே பழுப்பாக ஓடுவதைப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கரையெல்லாம் துருச் சேறு. பம்பை நிறுத்தியதும் நீர்மட்டம் உயர்ந்து, சில ஊர்களில் நிலவறைகளில் ஈரம் ஏறிவிட்டது. பல வருஷம் காய்ந்த நிலம் என்று நம்பிக் கட்டிய வீடுகள். கொட்டி வைத்த மணல் தண்ணீர் ஏறியதும் கூழாகி ஓடிவிடும் ஆபத்து வேறு. 2010-ல் ஷ்ப்ரேடால் பக்கம் அப்படி நிலம் ஓடியதில் ஓர் ஆட்டு மந்தை புதைந்தது. வேறொரு மாநிலத்தில், நாக்டர்ஷ்டெட்டில், 2009-ல் ஏரிக்கரை சரிந்து வீடுகளோடு மூன்று உயிர் போயிற்று. தோண்டி முடித்தபின் இத்தனை பணமும் இத்தனை பொறியாளர்களும் இருக்கிற நாட்டிலேயே இந்தப் பாடு.

எனக்கு வயிற்றைக் கலக்குவது இன்னொன்று. கோட்புஸ் தாண்டி ஓடுகிற ஷ்ப்ரேயில் பாதியளவு, சுரங்கத்திலிருந்து இறைத்துவிட்ட தண்ணீர்தான். சுரங்கம் முடிந்தால் அதுவும் முடியும். வறண்ட கோடை மாதங்களில் சில இடங்களில் 75 சதவீதம்வரை தண்ணீர் குறையலாம் என்று இந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2023-ல் சொல்லியிருக்கிறது. படித்ததும் பரவனாறு நினைவுக்கு வந்தது. அதிலும் பல காலமாக ஓடுவது நெய்வேலியில் இறைத்துவிடுகிற நீர். வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் கோடையிலும் நிறைந்து கிடக்கிறதென்றால் அதனால்தான். பாசனம் அதை நம்பிப் பழகிவிட்டது. பம்ப் நிற்கிற நாள் ஒன்று வரும். அன்றைக்குப் பழைய ஓடைகள் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று பார்த்தால், ஓடைகள் எங்கே?

எங்கள் கட்டடத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். வெண்டு இனத்தவர். நெடுங்காலமாக இந்தப் பகுதியில் இருக்கிற சிறுபான்மை மக்கள், அவர்களுக்கென்று தனி மொழி. அவருடைய ஊரும் போய்விட்டது. லக்கோமாவின் கெண்டை மீன் குளங்களைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. இப்போது அந்தக் கிழக்கு ஏரி கிடக்கிற இடம் அது. குளத்துக்குக் குளம் தண்ணீர் கடத்துகிற வாய்க்கால், அதில் ஒரு மரப்பலகை, அதைத் தூக்கினால் வருகிற சத்தம். கையால் தூக்கிக் காட்டினார். நான் வாமடையைப் பற்றிச் சொன்னேன். என்னுடைய அரைகுறை ஜெர்மனில் எவ்வளவு புரிந்ததோ, தலையை மட்டும் ஆட்டினார். அவர் அந்த ஏரிப் பக்கம் போவதே இல்லையாம். ஐஸ்கிரீம் நன்றாக இருக்கிறது என்றேன். சிரித்தார். போகவில்லை.

இங்கே ஃபோர்ஸ்ட் பக்கத்தில், இடம் மாற்றிக் கட்டிய ஹோர்னோவில், காணாமல் போன ஊர்களுக்கென்று ஓர் ஆவணக்காப்பகம் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தையே தரைவிரிப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நடந்து, ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு போய் எந்த ஊர்மேல் நிறுத்துகிறோமோ அந்த ஊரின் கதை வரும். செருப்போடு மிதிக்க மனசு வராமல் ஓரத்தில் நின்றேன். எங்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் எங்கே போய் நிற்பேன் என்று யோசித்தேன். ஏரிக்கரையில் நிற்பேன். ஆனால் நின்று எதைக் கேட்பது? எந்த மடை யாருடையது என்று அந்த விரிப்புக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

போன மழைக்கு அத்தை போன் பண்ணினார். மாற்று மனையில் இருக்கிறார். சதுரம் சதுரமாக வீதி, வரிசையாக வீடு, கரெண்ட் கம்பம், சிமெண்ட் ரோடு. "மழ வுட்டு ரெண்டு நாளாச்சுடா தம்பி. வாசல்ல தண்ணி அப்பிடியே நிக்குது. வாருகோல வச்சித் தள்ளுனா எதுத்த வூட்டுக்குப் போவுது, அவ தள்ளுனா இங்க வருது. எந்தப் பக்கம் போவறதுன்னு தண்ணிக்கே தெரியல." பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. போனில் தவளைச் சத்தம் கேட்டது. தேங்கின தண்ணீரில் கத்துகிற தவளை. எங்கள் ஊரில் அத்தை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கடமட வடிஞ்சிடுச்சு, இனிமே நாத்துக்குப் பயமில்ல" என்று சொல்லுவார். அதே குரல்தான். சொல்வதற்குத்தான் இப்போது ஒன்றுமில்லை.

சுரங்கத்தின் சத்தத்துக்குக்கூட ஏங்குகிறேன், சொன்னால் சிரிப்பீர்கள். கடைசிச் சில வருஷங்களில், எங்கள் ஊரை நோக்கி அது வந்துகொண்டிருந்தபோது, ராத்திரியில் கன்வேயர் ஓடுகிற உறுமல் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த உறுமலுக்கு நடுவிலும் மடைகள் பேசிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒன்றாகக் கேட்ட இரவுகள்தான் எங்கள் ஊரின் கடைசி இரவுகள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் இன்னும் இருக்கிறது என்றால், அதன் அடியில் கரி இருக்கிறதோ இல்லையோ, இந்த மழைக்காலத்தில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் வளைகிறது, எந்த மடை எந்த வயலுக்கு, கலிங்கு வழிந்தால் தண்ணீர் எந்த ஓடையைப் பிடிக்கிறது, எந்த வீட்டு முன்னால் ஒரு சாண் கூடுதலாக வெட்ட வேண்டும், எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். புல வரைபடத்தில் எல்லை இருக்கும், சரிவு இருக்காது. என்றைக்காவது ஒருநாள் யாராவது நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தால், தண்ணீருக்கு வழி சொல்ல அந்த நோட்டு ஒன்றுதான் மிச்சமிருக்கும். பட்டா வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மடை திறந்துவிட்டவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுபது தாண்டிவிட்டது.